துருப்பிடித்த ரிம்: சுரண்டுவதா, மாற்றுவதா, அலாய்க்குப் போவதா?

முன்பக்க இடது டயரில் திங்கட்கிழமை 30 பிஎஸ்ஐ காற்று பிடித்தால் வெள்ளிக்கிழமை 22 காட்டியது. ஆணி ஏதும் ஏறவில்லை. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன், அதிலும் ஒன்றுமில்லை. இரண்டு மாதம் இப்படியே காற்று பிடித்துப் பிடித்து ஓட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப்போட்டு, ரிம்மும் டயரும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். ஒரு சாண் நீளத்துக்கு, ஈர மணலில் நண்டு மூச்சு விடுகிற மாதிரி, பொடிப்பொடியாக நுரை வந்துகொண்டே இருந்தது. டயரில் குறையே இல்லை. ரிம்மின் விளிம்பைத் துரு தின்றிருந்தது.

வண்டி 2012 ஸ்விஃப்ட், தூத்துக்குடி வண்டி. தினமும் உப்பளத்துச் சாலையில் போய்வருகிறது. முன்னால் போகிற உப்பு லாரியிலிருந்து ஒழுகும் தண்ணீர் முதலில் தெறிப்பது சக்கரத்தில்தான். போதாததற்கு 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அந்த மழையில், பாதிச் சக்கரம் முங்கி இரண்டு நாள் நின்றது. மேலே பிளாஸ்டிக் வீல் கப் இருந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அழகுக்கென்று மாட்டுகிற அந்தக் கப்புக்கு அடியில்தான் ஈர மண்ணும் உப்பும் காயாமல் உட்கார்ந்திருக்கின்றன. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது அதைக் கழற்றிக் கழுவினால் நல்லது. நான் பத்து வருஷத்தில் இரண்டு தடவை கழற்றியிருப்பேன்.

இனி என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பஞ்சர் கடைக்காரர் கையில் டியூபை எடுத்துக்கொண்டே வந்தார்: “உள்ள டியூப்பப் போட்டு விட்டுருவோம் அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது.” டிங்கரிங் பட்டறையில் சுரண்டி பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார்கள். சென்னையில் இருக்கும் மைத்துனர் அங்கே பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் பழைய ரிம் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார். உதிரிபாகக் கடையில் புது ஸ்டீல் ரிம். அலங்காரச் சாமான் கடையில், சொல்லவே வேண்டாம், அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம்.

இத்தனை வழி இருக்கும்போது முதலில் விலையைப் பார்க்கத் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன், தப்பான இடத்தில் ஆரம்பித்தேன். துரு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முடிவைச் சொல்லும். ரிம்மின் முகத்தில், நாம் வெளியிலிருந்து பார்க்கும் பக்கத்தில், செம்மண் பூசியது போல் இருந்தாலும் பெரும்பாலும் அது தோல் வியாதிதான். டயரின் பீடு, அதாவது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் தடித்த ஓரம், உட்காரும் விளிம்பில் இருந்தால் காற்று இறங்கும். அதைச் சரிசெய்யலாம், ஓர் அளவு வரைக்கும். நட்டு உட்காரும் நான்கு துளைகளைச் சுற்றியோ, நடுத்தட்டும் வெளிவளையமும் சேரும் வெல்டிங் ஓரத்திலோ துரு குழி பறித்திருந்தால் அங்கே பேச்சுக்கே இடமில்லை. வண்டியின் பாரம் மொத்தமும் அந்த இடங்கள் வழியாகத்தான் இறங்குகிறது.

இதைப் பார்க்க வேண்டுமானால் நான்கு சக்கரத்தையும் கழற்றியாக வேண்டும். அங்கேதான் அடுத்த வம்பு. பின்பக்க வலது சக்கரம் வரமாட்டேன் என்றது. நான்கு நட்டும் கையில், சக்கரம் அப்படியே பிரேக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ரிம்மின் நடு ஓட்டைக்குள், சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் ஹப்பின் உருளை விளிம்பு இறுக்கமாக உட்காரும். இந்த வண்டியில் அந்த ஓட்டை 54.1 மில்லிமீட்டர். நடுவில் தலைமுடி அளவு இடைவெளிதான். துரு இரும்பைவிடப் பருமனானது. அந்த இடைவெளியில் அது வளர வளர ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி, ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் படுத்துக் காலால் உதைக்கிறேன் என்றான். பிடித்து வெளியே இழுத்தேன். வண்டியோடு வருகிற ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும்தான், ஆள் படுப்பதற்கு இல்லை. முதலில் நடு ஓட்டையைச் சுற்றி துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து அரைமணி நேரம் விட்டேன். இந்த எண்ணெய் டிரம்முக்குள்ளோ, முன்சக்கரமாக இருந்தால் டிஸ்க் மேலோ ஒழுகிவிடக்கூடாது; ஒழுகினால் பிரேக் போச்சு. பிறகு டயரின் ஓரத்தில், ரிம்மில் படாமல், இந்தப் பக்கம் ஒரு குத்து, எதிர்ப்பக்கம் ஒரு குத்து என்று உள்ளங்காலால் உதைத்தேன். அசையவில்லை. கடைசியில் ஒரு பழைய லாரி டிரைவர் சொல்லிக்கொடுத்த வழிதான் கைகொடுத்தது. நட்டுகளைத் திரும்பப் பூட்டி, ஜாக்கியை இறக்கி, ஒவ்வொரு நட்டையும் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, வீட்டு வாசலிலேயே ஒரு மீட்டர் முன்னே, ஒரு மீட்டர் பின்னே உருட்டி வெடுக்கென்று பிரேக் பிடித்தேன். மூன்றாவது தடவை ‘டொக்’கென்று ஒரு சத்தம். மறுபடி ஜாக்கி போட்டதும் சக்கரம் சாதுவாகக் கையில் வந்தது. இதை ரோட்டில் செய்யாதீர்கள், நட்டைக் கழற்றிவிட்டும் செய்யாதீர்கள். சூடுபடுத்திக் கழற்றலாம் என்று கேஸ் டார்ச்சை எடுத்துவரும் ஆளையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். காற்று அடைத்த டயருக்குள் சூடு ஏறினால் வெடிக்கும்.

கழற்றிப் பார்த்ததில் கணக்கு இப்படி இருந்தது. மூன்று ரிம்மில் முகத் துருவும், விளிம்பில் லேசான சொரசொரப்பும். காற்று இறங்கிய முன் இடது ரிம் மட்டும் வேறு கதை. டயரை மெஷினில் பிரித்தபோது விளிம்பிலிருந்து முறுக்கு ஓடு மாதிரி துருச் செதில் கொத்தாக உதிர்ந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபின் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். குழிகளில் நகம் மாட்டி மாட்டி நின்றது. அதோடு, ஒரு நட்டுத் துளையின் சரிவு பள்ளம் விழுந்து, வட்டம் லேசாக முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. எப்போதோ நட்டு தளர்ந்து ஓடியிருக்கிறது. அந்த ஒரு துளையே போதும், அந்த ரிம்முக்கு இனி மருந்து இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

டியூப் போடும் யோசனையை முதலில் தள்ளிவிடுகிறேன். ஊரில் ரொம்பப் பேர் செய்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் டியூப்லெஸ் டயரின் உட்பக்கம் டியூபுக்காகச் செய்யப்பட்டதில்லை. உரசலில் சூடு கூடும். ஆணி ஏறினால் டியூப்லெஸ் மெதுவாக இறங்கி, ஓரம் கட்ட அவகாசம் கொடுக்கும். டியூப் பட்டென்று போய்விடும். திருநெல்வேலி நாற்கர சாலையில் 90இல் போகும்போது இந்த வித்தியாசம் சின்னதில்லை. இதைவிட முக்கியம், டியூப் போட்டால் காற்று இறங்குவது நிற்குமே தவிர துரு நிற்காது. நமக்கு எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்த ஒரே விஷயம் அந்தக் காற்று இறக்கம்தான். அதன் வாயையும் அடைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்பு கரைவதை நாமே மூடி வைக்கிற வேலை இது.

சுரண்டி பெயின்ட் அடிப்பது, துரு முகத்தோடு நிற்கும்வரை, நல்ல வழி. இதிலேயே இரண்டு விதம் இருக்கிறது. வீட்டிலேயே கம்பி பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்ஸைடு, மேலே வெள்ளி பெயின்ட் என்று ஒரு ஞாயிறில் முடித்துக்கொள்ளலாம். (உப்பு கொடுத்த வியாதிக்கு உப்புத்தாள் வைத்தியம்!) வெளியூர்க் காற்றில் இது மூன்று நான்கு வருஷம் தாங்கக்கூடும், எங்கள் ஊரில் இரண்டு மழைக்காலத்துக்குள் குழியின் அடியில் ஒட்டியிருந்த மிச்சத் துரு பெயின்டைத் தூக்கிவிடும். இன்னொன்று, டயரைப் பிரித்து ரிம்மை மணல் அடித்து வெள்ளை இரும்பாக்கி, பவுடர் கோட்டிங் போடுவது. 200 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின்னாக அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள், ஸ்டீல் ரிம்முக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. எனக்கு ஒரு ரிம்முக்கு 800 ரூபாய் கேட்டார்கள். என் மூன்று ரிம்முக்கும் இதைத்தான் செய்தேன்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. கோட்டிங் போட்டு வந்த ரிம்மைப் பார்த்தால் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது, நட்டுத் துளையின் சரிவு வரைக்கும் பவுடர் மொத்தமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. நட்டு இரும்பின்மேல் உட்கார வேண்டும். பெயின்ட் படலத்தின்மேல் உட்கார்ந்தால், ஓட ஓடப் படலம் நசுங்கும், நட்டு தளரும். ஹப்போடு ஒட்டும் பின்முகத்துக்கும் இதே கதைதான். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது, “யாரும் இப்படிக் கேட்டதில்லையே சார்” என்றார். கேட்காவிட்டாலும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். நான் முன்னாலேயே சொல்ல மறந்து, அப்புறம் உட்கார்ந்து பன்னிரண்டு துளையையும் கையால் சுரண்டினேன்.

பழைய ரிம் விஷயத்தில் எனக்கு முழு வெறுப்பு இல்லை. புதுப்பேட்டையில் நல்ல சரக்கும் கிடைக்கும், கண் இருந்தால். மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் ரிம் புதுசாக வெள்ளி பெயின்ட் அடித்தது, 700 ரூபாய். பழைய ரிம்மில் புதுப் பெயின்ட் இருந்தால் நான் ஒரு அடி பின்னால் போய்விடுவேன்; அதற்கு அடியில் துருவோ, வெல்டிங்கோ, பட்டியோ என்னவோ. பெயின்ட் அடிக்காத, அழுக்கு ரிம்தான் நம்பத் தகுந்தது. அடுத்தது, இது என்ன வண்டியுடையது? நான்கு நட்டு, எதிரெதிர்த் துளைகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் என்ற அளவு ஸ்விஃப்டுக்கு மட்டும் இல்லை, ஐ20க்கும் எட்டியோஸுக்கும் அதேதான். நடு ஓட்டையும் அதே 54.1. அதனால் கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று எடுத்துக் கொடுப்பார். ரிம் மாட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆஃப்செட், அதாவது ஹப்போடு ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் அளவு, மாறினால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும், திருப்பும்போது உரசலாம். இன்னொன்று, அந்த வண்டியின் நட்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். சுஸுகியில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், ஹூண்டாயிலும் டொயோட்டாவிலும் 1.5. இரண்டு சுற்று போகும், அப்புறம் ஸ்டட்டின், அதாவது நட்டு ஏறும் போல்ட்டின், மரையைக் கடித்துவிடும். ஹோண்டா ரிம் என்றால் இன்னும் சிக்கல்: நடு ஓட்டை 56.1, நட்டு உட்காரும் இடமும் உருண்டை வாக்கில் இருக்கும். நம் நட்டோ கூம்பு. தொட்டும் தொடாமலும் நிற்கும்.

நேரில் போய், பேலன்சிங் மெஷினில் ஒருமுறை சுற்றவைத்துப் பார்த்து வாங்க முடிந்தால் பழையது சரிதான். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஃபோட்டோ பார்த்து வாங்குவதற்கு இது புடவை இல்லை.

புது ஸ்டீல் ரிம் எனக்குச் சொன்ன விலை கிட்டத்தட்ட 2,000. இதற்கும் பழையதற்கும் நடுவே இருக்கும் ஆயிரத்துச் சொச்சத்தை நினைத்து மல்லுக்கட்டுவதில் அர்த்தமே இல்லை. ஒன்றிரண்டு ரிம் மட்டும் போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு புது ஸ்டீல் என்பதுதான் என் தீர்ப்பு. நம்முடைய பழைய ரிம்மின் பின்பக்கம் அளவு அச்சடித்திருக்கும். என்னுடையதில் 14 அங்குல விட்டம், 5 ஜே, அதாவது 5 அங்குல அகலம். அதைத் தேய்த்துப் படித்து எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் வேலை சுலபம். மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது, இதே ஸ்விஃப்டின் மேல் ரகத்தில் 15 அங்குலம் வந்தது.

இதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். எனக்கு அது புதையல் மாதிரி இருந்தது. பதின்மூன்று வருஷமாக வெயிலும் உப்பும் படாமல் தூங்கிய ரிம், கம்பெனி பெயின்ட் கூட மங்கவில்லை. டயர்தான் கிழடு, பக்கவாட்டில் நான்கு இலக்கம் 3112 என்று இருந்தது, 2012ஆம் வருஷத்தின் 31வது வாரம். ரப்பர் ஓடாமலே மூப்படைந்து வெடிப்பு விட்டிருந்தது. ரிம்மை எடுத்து முன் இடதுக்குப் போட்டேன், அந்த டயரைத் தூக்கி எறிந்தேன். புதிதாக வாங்கிய ஒற்றை ஸ்டீல் ரிம் ஸ்டெப்னிக்குப் போயிற்று, ஓரளவு நன்றாயிருந்த பழைய டயர் ஒன்றோடு. முன்பக்கம் இரண்டுக்கும் எப்படியும் டயர் மாற்றும் காலம் வந்திருந்ததால், பிரித்து மாட்டும் கூலி ஒரே தடவையோடு முடிந்தது.

அலாய் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது: அழகுக்கு ஆசைப்பட்டால் வாங்குங்கள், துருவுக்குப் பயந்து வாங்காதீர்கள். நான்கு அலாய்க்கு 24,000 சொன்னார்கள், அதாவது பன்னிரண்டு ஸ்டீல் ரிம். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. உப்புக்காற்றில் அதன் மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கும், கரையான் புற்று மாதிரி கோடு கோடாக ஓடும். அது விளிம்புக்கு வந்தால் அங்கேயும் காற்று இறங்கும். அலுமினியமும் இரும்பு ஹப்பும் சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் அரிக்கும். அலாய் சக்கரம் ஹப்பில் ஒட்டிக்கொள்வது ஸ்டீலைவிட மோசம். எடை குறைவு என்பதும் நல்ல கம்பெனி ரிம்முக்குத்தான் பொருந்தும், மலிவு அலாய் தராசில் ஸ்டீலுக்குப் பக்கத்தில் நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீல் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும். கடை அலாய்களில் நடு ஓட்டையை எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக விட்டிருப்பார்கள், இடைவெளியை நிரப்ப வளையம் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் 80க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கலாம்.

இத்தனைக்கும் பிறகும் அலாய்தான் என்றால், 14இலேயே நிற்பது செலவு குறைவு, டயர் அப்படியே ஆகும். 15க்குப் போனால் 165/80 போய் 185/65 டயர் போட வேண்டும். இரண்டின் மொத்த உயரமும் 620 மில்லிமீட்டர் கிட்டத்தான், ஆகவே மீட்டர் பொய் சொல்லாது. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லி பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள், கம்பெனியில் வராத சாமானுக்கு அவர்களாகப் பணம் தரமாட்டார்கள்.

எந்த ரிம்மாக இருந்தாலும் மாட்டுவதற்கு முன்னால் ஹப்பின் முகத்தையும் நடு உருளையையும் கம்பி பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியத் தேய்க்க வேண்டும். பழைய துருவின்மேல் புது ரிம்மை வைத்தால் அது கோணலாக உட்காரும், எத்தனை பேலன்சிங் செய்தாலும் ஆட்டம் போகாது. நடு உருளையில் மட்டும் செப்பு கிரீஸ் ஒரு பொட்டு, விரலால் மெல்லிசாக. ஸ்டட்டின் மரையில் எண்ணெயோ கிரீஸோ கூடாது. வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகி ஸ்டட் இழுபடும். நட்டை எதிரெதிராகப் பூட்டிக்கொண்டு வந்து, சக்கரம் தரையில் பட்டபிறகு, இறுக்கத்தை அளந்து பூட்டும் டார்க் ரெஞ்ச் போட்டு முடிக்க வேண்டும். என் வண்டிக்குக் கையேட்டில் 85 நியூட்டன் மீட்டர், பிறகு வந்த ஸ்விஃப்டுக்கு 100. உங்கள் கையேட்டைப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கி வைத்து ‘டர்ர்ர்’ என்று ஏற்றிவிடும் கடையில், கடைசி இறுக்கத்தைக் கையால் போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் போடுவார்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும். பவுடர் கோட்டிங் போட்ட மூன்றில் ஒன்றில் ஒரு நட்டு கால் சுற்று போனது. துளையில் நான் சுரண்டாமல் விட்ட மிச்சப் பெயின்டின் வேலை.

முட்டைத் துளை விழுந்த ரிம்மைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி, பெயின்ட் அடிச்சா ஓடும், தனியா வச்சிக்கிடுதேன்” என்றார். கிலோ விலைக்கு மேல் நூறு ரூபாய் கூடத் தருவதாகவும் சொன்னார். கிரைண்டர் கேட்டு வாங்கி, விளிம்பில் இரண்டு இடத்தில் குறுக்கே அறுத்துவிட்டு, கிலோ விலைக்கே போட்டுவிட்டு வந்தேன்.